அனுப்பும் கையும் ஆற்றும் கையும்

காலையில் நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்த கை, அதே மாலையில் ஓர் இளைஞனின் தோளைத் தட்டி, எலும்பு முறியக்கூடிய களத்திற்குள் அவனை அனுப்பலாமா? அமெரிக்க மருத்துவர் ஹென்றி வில்லியம்ஸ் என்பவரின் வாழ்வில் இவ்விரு செயல்களும் ஒருங்கே இருந்தன.

1869-இல் பிறந்த அவர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1891-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் அணியைப் பயிற்றுவித்து, கடற்படைக் கல்லூரி அணியை அது முதன்முறையாக வெல்லச் செய்தார். 1895-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900 முதல் 1921 வரை மின்னசோட்டாப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக விளங்கினார். மகளிர் நோய் மருத்துவராகவும் பணிபுரிந்தார்.

அவர் பயிற்றுவித்தது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இவ்வாட்டத்தில் 18 பேர் இறந்ததாகச் சிகாகோ நாளிதழ் ஒன்று கணக்கிட்டது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஹார்வர்டு அணியின் மருத்துவர்களோ அப்பருவத்தில் தம் வீரர்கள் அடைந்த காயங்களை எண்ணி வெளியிட்டனர்: மொத்தம் 145, அவற்றுள் 19 மூளை அதிர்ச்சிகள். அந்த அதிர்ச்சியை வீரர்கள் வேடிக்கையாகவே கருதினர் என்றும் எழுதினர். ஆடியவர் சிரித்தனர், அறிந்தவரே அஞ்சினர்.

நன்மையும் தீமையும் ஒரே செயலிலிருந்து விளையும்போது என்ன செய்வது? தூய தோமா அக்குவினார் தற்காப்பைக் குறித்து ஆராய்கையில் இதற்கு வழிகாட்டுகிறார். நாம் நாடாத தீய விளைவு நம் செயலின் தன்மையை வரையறுப்பதில்லை. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால், நல்ல நோக்கமும் அச்செயலை நியாயப்படுத்தாது. பலர் முதற் பகுதியை மட்டும் நினைவில் கொண்டு, "என் எண்ணம் நல்லதுதானே!" என்று மனச்சான்றை உறங்க வைத்துவிடுகின்றனர். நோக்கம் தூயதாக இருந்தால் மட்டும் போதாது. அளவும் அறிந்திருக்க வேண்டும்.

வில்லியம்ஸின் உள்ளத்தை அளப்பது இறைவனுக்கே உரியது. அவர் செய்ததை மட்டும் நாம் அறிவோம். ஆட்டத்தின் விதிகளை வகுத்த குழுவில் இடம்பெற்று, பந்தை முன்னோக்கி எறிவதற்கு இசைவளிக்க வேண்டும் என்று வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். 1906-இல் அவ்விதி ஏற்கப்பட்டது. உடல்கள் ஓரிடத்தில் குவிந்து நசுங்குவதற்கு மாறாக, ஆட்டம் களமெங்கும் விரிய அது வழி திறந்தது. எனினும் 1909-இல் மீண்டும் உயிர்கள் பலியாயின. ஆகவே 1910-இல், பந்தை ஏந்தியவரைத் தோழர்கள் பின்னிருந்து தள்ளுவதும் இழுப்பதும் தடை செய்யப்பட்டன. ஒருமுறை திருத்தியதோடு கடமை தீர்ந்துவிடவில்லை.

ஆட்டத்தையே ஒழித்துவிடு என்றவர்களும் அன்று இருந்தனர். வீரனுக்குக் காயம் அழகு என்றவர்களும் இருந்தனர். முன்னவர் இளைஞரின் ஆர்வத்தை மதிக்கவில்லை. பின்னவர் அவர்களது உடலை மதிக்கவில்லை. நம் உடல் தூய ஆவியின் கோவில் என்று கற்பித்த தூய பவுலே, பந்தயத்தில் ஓடும் வீரரை நமக்கு எடுத்துக்காட்டாகவும் வைத்தார். எனவே இரண்டையும் மதிப்பதே கிறிஸ்தவ அறநெறி.

அன்பர்களே, பிள்ளைகளைக் கடும் போட்டிகளுக்குள் அனுப்பும் பெற்றோரும் ஆசிரியரும், தொண்டு என்னும் பெயரால் இளைஞரிடம் அளவின்றி வேலை வாங்கும் என்னைப் போன்ற குருக்களும், "நன்மைக்காகத்தானே செய்தோம்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அதிகம் அறிந்தவரிடம் அதிகம் கேட்கப்படும் என்பது ஆண்டவரின் படிப்பினை. நாம் அனுப்பியவன் எந்நிலையில் திரும்பினான் என்று கேட்டறிவதும், காயங்களை மறைக்காமல் எண்ணுவதும், விதி தவறானால் நம் கையாலேயே அதைத் திருத்துவதும் அறிந்தவரின் கடமை. இதற்கு மனமில்லாதவர் எவரையும் களத்திற்கு அனுப்பாதிருப்பதே நலம்.