கொடுத்தவர் யார்?

லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் பெரும்பாலும் அதை வாங்குபவரே. கோப்பை நகர்த்தாமல் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரி. அரசுப் பொருளை ஊழியர்கள் அபகரிக்கும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டிய கௌடில்யரும் எடுப்பவரைத்தான் கூர்ந்து பார்த்தார். கொடுப்பவரிடம் நமக்கு ஓரளவு இரக்கமே உண்டு. ‘அவர் என்ன செய்வார், கொடுக்காவிட்டால் காரியம் நடக்காதே’ என்கிறோம். ஒரு சான்றிதழுக்காகப் பத்து நாட்கள் அலுவலக வாசலில் நின்ற ஏழைத் தாய் பதினோராம் நாள் ஐந்நூறு ரூபாயை நீட்டினால், அவரைக் குறை கூற நமக்கு நா எழாது, எழவும் கூடாது.

ஆனால் கொடுப்பவர் உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாக இருந்தால்? நிற்க வேண்டிய வரிசையும் இல்லை, பசியும் இல்லை, சட்டம் அறிந்த வழக்கறிஞர்களுக்கும் பஞ்சமில்லை. அங்கே கொடுத்தவர் யார் என்று கேட்டால், விடை சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. இந்த மௌனமே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலில் கால் பதித்த நாடு மெக்சிகோ, ஆண்டு 1991. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கடைகளில் ஐந்தில் ஒன்று மெக்சிகோவில் இருந்தது. இவ்வளவு வேகமான வளர்ச்சி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை 2012 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் விரிவாக எழுதியது. கட்டட அனுமதிகளை விரைந்து பெறுவதற்காக, ‘ஹெஸ்தோர்’ என அங்கே அழைக்கப்படும் இடைத்தரகர்கள் வழியாக, 2 கோடியே 40 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை ஐயத்துக்குரிய வகையில் கைமாறியது என்பது அச்செய்தியின் சாரம். மறு ஆண்டு அந்தப் புலனாய்வுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்தப் புலனாய்வு வெளிக்கொணர்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே தியோத்திவாக்கான் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. சூரியப் பிரமிடும் சந்திரப் பிரமிடும் நிற்கும் தலம் அது. 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கிருந்து சுமார் ஒரு மைல் தொலைவில் இருந்த ஒரு தீவனப் பயிர் வயலில் கடை கட்ட நிறுவனம் விரும்பியது. நகரத்தின் நில வகைப்பாட்டு வரைபடமோ அந்த வயலில் வணிகத்துக்கு இடம் தரவில்லை. நகர மன்றம் வரைபடத்துக்கு ஒப்புதல் அளித்த பின்னர், அது அரசிதழில் வெளியாவதற்கு முன்னர், அந்த ஒரு வயலின் வகைப்பாடு மட்டும் மாற்றப்பட்டது என்றும், அதற்காக ஓர் அதிகாரிக்கு 52,000 டாலர் தரப்பட்டது என்றும் அந்நாளிதழ் எழுதியது. கடைக்கு எதிராக உள்ளூர் மக்கள் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். 2004-ஆம் ஆண்டு முடிவதற்குள் கடை திறக்கப்பட்டது.

கூர்ந்து கவனித்தால், இங்கே விலைக்குப் போனது ஒரு வயல் அன்று என்பது விளங்கும். தம் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் மக்கள் சார்பில் ஒரு மன்றம் கூடி எடுத்த முடிவுதான் விலைக்குப் போயிற்று. உண்ணாவிரதம் இருந்தவர்கள் எதிரில் நின்ற ஒரு கடையோடு போராடுவதாக எண்ணியிருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முடிவு அவர்கள் காணாத ஓர் அறையில் முன்னமே எழுதப்பட்டுவிட்டது. லஞ்சத்தால் இழப்பு யாருக்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

எனினும், தார்மிக நோக்கில் இதைவிடக் கனமான பகுதி மெக்சிகோவில் நிகழவில்லை. அமெரிக்காவில், தலைமையகத்தில் நிகழ்ந்தது. 2005 செப்டம்பரில், மெக்சிகோ கிளையில் உரிமங்களைப் பெறும் பொறுப்பில் இருந்து விலகிய ஒருவர், நடந்ததையெல்லாம் தலைமையகத்தின் வழக்கறிஞர் ஒருவருக்கு எழுதினார். விசாரணைக்கு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கண்ட சான்றுகள் பலமாக இருந்தன; விசாரணையை விரிவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். மேலிடம் அதை விரிவாக்கவில்லை. 2006-இல் விசாரணைப் பொறுப்பு மெக்சிகோ கிளையின் தலைமை வழக்கறிஞரிடமே ஒப்படைக்கப்பட்டது. லஞ்சத்துக்கு ஒப்புதல் தந்தவர்களுள் ஒருவர் எனக் குற்றம் சாட்டப்பட்டிருந்தவர் அவர்! விரைவிலேயே கோப்பு மூடப்பட்டது. தலைமையகத்தில் இருந்தவர்கள் எவருக்கும் பணம் கொடுக்கவில்லை; எவரையும் கொடுக்கச் சொன்னதாகவும் செய்தி இல்லை. ஒரு கோப்பை மூடினார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அவர்கள் குற்றமற்றவர்களா?

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில், யம நியமங்களுக்கு மாறான தீச்செயல்களை மூவகையாகப் பகுக்கிறார். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது என்பன அவை. மூன்றுக்கும் வேர் பேராசை, சினம், மயக்கம் ஆகியவை என்கிறார். சாதகனின் தனி வாழ்வை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டதுதான் இந்தப் பகுப்பு. ஆயினும், நவீன நிறுவனம் ஒன்றின் அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிடக் கூர்மையான கருவி வேறொன்று எனக்குத் தென்படவில்லை.

நிறுவனத்துக்குச் சட்டத்தில் ஓர் ஆளுமை உண்டு, அந்தக்கரணம் இல்லை. அதற்கு உறுத்த மனசாட்சி கிடையாது. இரவில் தூக்கம் கெடாது. ஆகவே ஒரு தீச்செயலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டும் தீமையாகத் தோன்றாதவாறு பலரிடம் பிரித்துத் தர அதனால் முடிகிறது. மேலே இருப்பவர் ‘இந்த ஆண்டுக்குள் இத்தனை கடைகள் திறக்க வேண்டும்’ என்று மட்டுமே சொல்கிறார். இலக்கு வைப்பது பாவமா? நடுவில் இருப்பவர் ஓர் இடைத்தரகரை அமர்த்துகிறார். ஆலோசகரை அமர்த்துவது தவறா? கணக்கர் வந்த சீட்டுக்குப் பணம் தருகிறார். அது அவர் கடமை. உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பவரோ நிறுவனத்தின் ஊழியரே அல்லர். செயல் முழுமையாக நடந்தேறிவிட்டது. கர்த்தா மட்டும் காணாமற்போய்விட்டார்.

பதஞ்சலியின் பகுப்பு அந்தக் கர்த்தாவை மீண்டும் தேடித் தருகிறது. உறையை நீட்டியவர் செய்தவர். தரகரை அமர்த்தியவர் செய்வித்தவர். ‘எப்படி முடித்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை’ என்று இருந்துவிட்டவர் உடன்பட்டவர். இவற்றுள் மூன்றாவதையே நாம் இலேசானதாகக் கருதுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறியாமை வேறு, அறியாதிருக்க ஏற்பாடு செய்துகொள்வது வேறு. முன்னது மன்னிப்புக்கு உரியது. பின்னதற்கு நிறைய அறிவு வேண்டும். எந்தக் கதவைத் திறந்தால் எது தெரியவரும் என்று அறிந்தவரால்தான் அந்தக் கதவை மட்டும் திறக்காமல் இருக்க முடியும். மயக்கம் என்று முனிவர் சொல்வதில் நாமே விரும்பி வரவழைத்துக்கொள்ளும் இந்த மயக்கமும் அடங்கும் என்றே கருதுகிறேன்.

2019 ஜூனில் அமெரிக்க அரசோடு வால்மார்ட் ஓர் உடன்பாட்டுக்கு வந்து 28 கோடியே 20 இலட்சம் டாலர் செலுத்தியது. மெக்சிகோவோடு பிரேசில், சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் விவகாரங்களும் அதில் அடங்கின. பிரேசிலில் உரிமங்களை அதிவிரைவில் பெற்றுத் தந்த ஒரு பெண் தரகருக்குச் ‘சூனியக்காரி’ என்று பட்டப்பெயர் இருந்ததாம். அவருக்கான பணம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வழியாகச் சுற்றிச் சென்றது. நம் நாட்டைப் பற்றிய பகுதி சுருக்கமானது. ஆனால் படிக்க வெட்கம் தருவது. 2009 முதல் 2011 வரை கடை உரிமங்களுக்காக இடைத்தரகர்கள் வழியே அதிகாரிகளுக்குச் சென்ற பணம், கூட்டு நிறுவனத்தின் கணக்கில் ‘இதர செலவு’, ‘தொழில்முறைக் கட்டணம்’, ‘தற்செயல் செலவு’, ‘அரசுக் கட்டணம்’ என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. அரசுக் கட்டணம்! எழுதியவர் நகைச்சுவை உணர்வு உடையவரா, உண்மையிலேயே அப்படி நம்பியவரா, தெரியவில்லை.

மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்டவன் என்பதால், இந்த விவகாரத்தில் சொற்களின் வேலை என் கண்ணில் படாமல் போகாது. மெக்சிகோவில் சிறு லஞ்சத்துக்கு ‘மோர்தீதா’ என்று பெயர். ‘கடி’ என்று பொருள். கடிபட்டவனின் வலி அந்தச் சொல்லில் இருக்கிறது. நம் ‘மாமூல்’ அரபியிலிருந்து வந்த சொல். ‘வழக்கமானது’ என்பதே அதன் பொருள். வலியே தெரியாத சொல் அது. அமெரிக்கச் சட்டமோ இன்னும் நயமானது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைக் குற்றமாக்கும் சட்டத்தை அந்நாடு 1977-இல் இயற்றியது. அதற்கு முன் நடந்த விசாரணைகளில் 400-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள், மொத்தம் 30 கோடி டாலருக்கும் மேல் இவ்வாறு கொடுத்ததை ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் அதே சட்டம், அதிகாரி எப்படியும் செய்யவேண்டிய வழக்கமான வேலையை விரைவுபடுத்தத் தரும் சிறு தொகைக்கு விலக்கு அளிக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘வசதி செய்யும் தொகை’ என்று ஆக்கலாம். அப்படி ஆக்கிவிட்டுப் படித்துப் பார்த்தால், தமிழில் அதற்கு முன்பே ஒரு சொல் இருப்பது நினைவுக்கு வருகிறது.

‘அந்தந்த நாட்டு வழக்கப்படி நடக்கிறோம், அவ்வளவே’ என்பது வெளிநாடு செல்லும் வணிகர்கள் கூறும் சமாதானம். தேசாசாரத்தை மதிப்பது நல்ல பண்புதானே என்று இது காதுக்கு இனிமையாகவும் ஒலிக்கிறது. செல்வந்த நாடுகள் பலவும் நெடுங்காலம் இதை ஏற்றிருந்தன. ஜெர்மனியில் 1990-களின் இறுதிவரை வெளிநாட்டில் தந்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடிந்தது. ஆனால் உண்மையான ஆசாரம் ஒளிவதில்லை. விருந்தினருக்கு மாலையிடுவதை எவரும் ‘இதர செலவு’ என்று எழுதுவதில்லை. பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தால் அந்தச் செயலே குலைந்துபோகுமானால் அது அநீதி என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1795-இல் எழுதினார். தியோத்திவாக்கான் வரைபடத்துக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ‘மன்றத்தின் முடிவை 52,000 டாலருக்கு மாற்றித் தருகிறோம்’ என்று அந்த ஊர்ச் சதுக்கத்தில் எவரால் அறிவித்திருக்க முடியும்?

லஞ்சம் இறுதியில் நட்டத்தையே தரும் என்று வாதிடுவோரும் உண்டு. விசாரணைக்கும் சீர்திருத்தத்துக்குமாக வால்மார்ட் 90 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். இந்த வாதத்தில் எனக்கு நாட்டமில்லை. அந்த உடன்பாட்டில் தனிநபர் எவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. மெக்சிகோவில் கடைகள் நிற்கின்றன, வியாபாரம் பெருகியிருக்கிறது. தண்டத்தொகை மற்றொரு விலை மட்டுமே என்று ஒரு நிறுவனம் கணக்கிட்டால், கணக்கில் பிழை காண முடியாது. சட்டமும் எப்போதும் ஒரே உறுதியோடு நிற்பதில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் செயலாக்கத்தையே நிறுத்திவைத்தார். ஜூனில், குறுகிய வரம்புகளோடு அது மீண்டும் தொடங்கியது. இலாபத்தையோ தண்டனையையோ நம்பி நிற்கும் நேர்மை, அவை திசை மாறும்போது தானும் மாறிவிடும்.

இந்தியாவில் 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சம் கொடுப்பதையும் நேரடியாகக் குற்றமாக்கியது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. முதலில் கண்ட ஏழைத் தாய்க்கும் பெருநிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் அந்தத் தாயின் இடத்திலும் இல்லை, தலைமையகத்திலும் இல்லை. இடையில் எங்கோ, கையொப்பமிடும் இடத்தில் இருக்கிறார்கள்.

கொடுக்காமலே தொழில் நடத்த முடியுமா என்று அவர்கள் கேட்டால், முடியும் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்வீடனில் பிறந்த ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் முதல் கடையைத் திறந்தது. மின் இணைப்புக்கு லஞ்சம் தர மறுத்து, டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து விளக்கேற்றியது. சில ஆண்டுகளில் அந்த ஜெனரேட்டர் வாடகையிலேயே தன் ஊழியர் ஒருவர் தரகுப்பணம் பெற்றதை அது கண்டுபிடிக்க நேர்ந்தது. நேர்மைக்குச் செய்த செலவிலும் ஊழல் புகுந்துவிட்டது! 2009-இல் ரஷ்யாவில் மேற்கொண்டு முதலீடு செய்வதை நிறுத்திக்கொண்டது. 2010 பிப்ரவரியில் தன் இரு மேலதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வணிக வளாகத்தின் மின் இணைப்புக்காக ஓர் ஒப்பந்ததாரர் லஞ்சம் கொடுத்ததை அறிந்தும் அவர்கள் பேசாதிருந்தார்கள் என்பதே காரணம். அந்த இருவரும் தம் கையால் எவருக்கும் பணம் கொடுத்ததாக நிறுவனம் சொல்லவில்லை.