அரங்கனைச் சேவிக்காமல் திரும்பியவர்

நம்பிப் போன ஒன்று கைக்கு எட்டாமல் போனதும், 'எல்லாம் நன்மைக்கே' என்று மனத்தை அவசரமாகத் தேற்றப் பார்க்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு இளையாழ்வார் நினைவுக்கு வருவார். பின்னாளில் உலகம் இராமாநுசர் என்று கொண்டாடிய அவர், அத்தனை சீக்கிரம் தேறியவர் அல்லர்.

காஞ்சியில், சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமக்கும் கைங்கரியம் அவருடையது. ஆசாரியர் ஆளவந்தாரின் ஸ்தோத்திர ரத்தினத்தை அவருடைய சீடர் பெரிய நம்பி ஓதக் கேட்டவர், ஆளவந்தாரின் திருவடியிலேயே சேர்ந்துவிட வேண்டும் என்ற தவிப்போடு நம்பியுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தபோது ஆளவந்தார் பரமபதித்திருந்தார். திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. பிரம்ம சூத்திரத்துக்கு உரை காண்பது உள்ளிட்ட மூன்று சபதங்களை இளையாழ்வார் செய்ய, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்கிறது குருபரம்பரை. பலரும் இந்த அற்புதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் பிறகு நடந்ததுதான் என்னை உருக்குகிறது. அரங்கன்மேல் மனத்தாங்கலோடு, கோயிலுக்குள் போய்ச் சேவிக்காமலே அவர் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார்.

பெரியவர்கள் இதை மறைக்காமல் சொல்லி வைத்தார்களே, அது எத்தனை பெரிய ஆறுதல்! முன்பின் அறியாதவரிடம் யார் கோபித்துக்கொள்வார்கள்? ஊடலுக்கும் உரிமை வேண்டும். அந்த உரிமை இருந்ததால்தான் அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. காஞ்சிக்கு வந்தவர் மறுபடி குடத்தைத் தூக்கினார். வருத்தம் ஆறட்டும் என்று கைங்கரியத்தை ஒத்திப்போடவில்லை.

பிறகு மதுராந்தகத்தில், மகிழ மரத்தடியில் பெரிய நம்பி அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்தார். திருக்கோட்டியூர் நம்பி, பெரிய திருமலை நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர் ஆகியோரும் அவருக்கு ஆசாரியர்களாக வாய்த்தார்கள். ஐவருமே ஆளவந்தாரின் சீடர்கள். திருக்கோட்டியூருக்கு மட்டும் 18 முறை நடந்தார் என்பார்கள்.

ஆனாலும் ஆளவந்தாரைத் தேடுவதை அவர் நெஞ்சம் விடவில்லை. திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்கையில், சில பாசுரங்களுக்கு ஆளவந்தார் வேறு பொருள் அருளியிருப்பார் என்று இடைமறித்துச் சொல்வார். நேரில் ஒரு வார்த்தையும் கேளாதவருக்கு இது எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. துரோணருக்கு ஏகலைவன் எப்படியோ, அப்படியே தாம் ஆளவந்தாருக்கு என்றார் இராமாநுசர்.