மரண சாசனமும் சைவர் கடமையும்

(கடமலைக்குண்டில் சைவ அன்பர் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



மூல வைகையின் கரையிலே, வருடநாட்டு மலைகளின் அடியிலே, இலவும் தென்னையும் வளர்த்து வாழும் உங்கள்முன் இன்று யான் பேசப்புகும் பொருள் சிலர்க்கு அமங்கலமாகத் தோன்றும். உயிரோடிருக்கையில் உயிலைப்பற்றிப் பேசலாமோ என்பர். திருநீறு இடும்போதெல்லாம் இவ்வுடல் நீறாவதையன்றோ நினைக்கின்றோம்? நெற்றியில் எழுதிக்கொண்டதனைத் தாளில் எழுத அஞ்சுவது என்னை?

வேறொரு தடை நூல் கற்றாரிடமிருந்து வருகின்றது. யான் எனதென்னும் செருக்கை ஒழிக்கச் சொல்வது சைவம். இறந்தபின்னும் 'என் தோட்டம், என் வீடு' என்று பேசுவிக்கும் ஓர் ஏட்டைச் சைவன் எழுதலாமோ என்பது அது. இத்தடை எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் காரியமாய், ஆன்மாவின் வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்பட்டவை. தோட்டமும் வீடும் நமக்குரியன அல்ல, நம்பால் ஒப்புவிக்கப்பட்டவை. அங்ஙனமாயின் ஒன்று கேட்கின்றேன். ஆதீனத்துக் காறுபாறு ஒருவர் தம் பொறுப்பைவிட்டு நீங்குங்கால், கணக்கையும் திறவுகோலையும் ஒருவரிடத்தும் ஒப்புவியாது போவாராயின், அதனைப் பற்றின்மை என்று புகழ்வீரோ? சாசனம் எழுதாது போதல் பலவிடத்துத் துறவன்று; சோம்பலேயாம்.

சைவ உலகம் அறிந்த சாசனம் ஒன்றுண்டு. பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்து, துபாஷித் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டி, 1794 மார்ச்சு 22ஆம் நாள் தம் உயிலை எழுதுவித்து, அவ்வாண்டிலேயே சிவபதம் எய்தினார். தம் செல்வத்தைச் சிவாலயத் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் அவர் வைத்தார். ஆயினும் யாது நேர்ந்தது? அப்பொருள் அவர் கருதியவாறு செலவாகாது வழக்கிற் சிக்கிப் பல்லாண்டு கிடந்தது. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்னரே அறங்கள் ஒழுங்குபட்டன. பெருகி எஞ்சிய பொருளினின்று 1842இல் பள்ளிக்கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர்க் கல்லூரியாயிற்று. இறந்தவர் அறம் பிழைத்தது. ஆனால் அரை நூற்றாண்டு காத்திருந்தது. அதுவும் எழுத்து இருந்தமையாற் பிழைத்தது என்க.

இவ்வூர்ப்பக்கத்து முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, மைந்தர் இருவரும் என்னை மதியார், அனைத்தையும் சிவன்கோயிலுக்கு எழுதிவிடலாமா?" என்றார். மனையாட்டி உளரா என்றேன், உளர் என்றார். கடன் உண்டா என்றேன், உண்டு என்றார். சினத்தினாற் செய்யும் கொடை சிவபுண்ணியமாகாது, ஐயா, என்று கூறினேன். கடன்காரர்க்குரியது கடன்காரர்க்குரியதே. கிழவியைப் பிறர் திண்ணையில் இருத்திவிட்டுக் கோயிலில் ஏற்றும் விளக்கின் ஒளி யாருக்கு? அவர் கழுத்து நகையோ சீதனம். அதனை எழுத முதியவர்க்கு உரிமையே இல்லை.

தமதல்லாததை எழுதுதல் இம்மலைப்பக்கத்தில் மற்றொரு வகையாலும் நிகழ்கின்றது. பட்டாவின்றி வனநிலத்திற் பயிரிடுவோர் அந்நிலத்தை மைந்தர்க்குப் பங்கிட்டு எழுதுகின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைக்கப்பட்டபின் இது மேலும் இடர் தருவது. இல்லாத உரிமையைச் சாசனம் உண்டாக்காது.

சட்டம் கேட்பது சிறிதே. 1927 ஜனவரி முதல் நாளுக்கு முன் இப்பகுதி இந்துக்கள் வாய்மொழியாகவும் உயில் செய்ய இடமிருந்தது. அதன்பின் எழுத்து வேண்டும். தெளிந்த அறிவோடு எழுதியவர் கையொப்பமோ கைந்நாட்டோ இடவேண்டும். சாட்சிகள் இருவர்க்குக் குறையாது ஒப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவு கட்டாயமன்று, செய்தல் நன்று. உயிரோடிருக்குமளவும் மாற்றலாம். பிரியாத குடும்பச் சொத்தில் தம் பங்கையும் எழுத 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. எழுதாது இறப்பின், தனிச்சொத்து மனைவி, மைந்தர், புதல்வியர், தாய் ஆகியோர்க்குச் சமபங்காகச் செல்லும். பெண்மக்களுக்குப் பங்கில்லை என்று இன்னும் கூறுவோர் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அறியாதவர்.

இன்னொன்று. உயில், எழுதியவர் இறந்த பின்னரே உயிர்பெறுவது. அப்பொழுது கொடுப்பது, வைத்திருக்க இயலாததைக் கொடுப்பதேயாம். நீர்வார்த்துத் தம் கையாற் கொடுப்பதற்கு அது நிகராமோ? ஆதலின் அறத்துக்கென்று கருதியதை இன்றே கொடுத்தலும், குடும்பத்துக்குரியதை உயிலில் நிறுத்தலும் தக்கதென்பது என் துணிபு. 'இளையவன் மூத்தவனோடு பேசினால் பங்கில்லை' என்பன போன்ற நிபந்தனைகளையும் எழுதற்க. அவை செத்த பின்னும் செங்கோல் பிடிக்க விரும்பும் ஆணவம்.

அம்முதியவர் மறுமுறை வந்தார். கோயில் விளக்குக்குச் சிறுதொகையை அன்றே கொடுத்துவிட்டார். கடனைத் தீர்க்க ஒரு துண்டு நிலத்தை விற்க இசைந்தார். வீட்டை மனைவிக்கென்று எழுதுவித்தார். சாட்சிகளாகத் தம் வயதுடைய நண்பர் இருவரை அழைத்து வந்திருந்தார். யான் தடுத்தேன். நாளை வழக்கு எழின் ஒரு சாட்சியேனும் நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டும். ஆதலின் இளையவர் இருவரைத் தேடுக என்றேன். மூவரும் நகைத்துக்கொண்டே எழுந்து சென்றனர்.