பேரமும் வாய்மையும்

2025ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கார் வாங்கப் புறப்பட்டார். முப்பது ஆண்டுகள் மிதிவண்டியிலும், பின்னர் ஸ்கூட்டரிலும் பள்ளிக்குச் சென்று வந்தவர். மூட்டுவலியால் அவருடைய மனைவிக்குப் பேருந்துப் படி ஏற இயலவில்லை. மகளும் இரு பேரக்குழந்தைகளும் உடனிருக்கின்றனர். ஐவரும் அமர்ந்து செல்ல, நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய செடான் ஒன்றைத் தெரிந்துகொண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சிறிய கார்களுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது அவருக்குத் துணிவு தந்திருந்தது.

“சுவாமி, நீங்களும் உடன் வந்தால் விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுவார்கள்” என்று அழைத்தார். நாமும் இசைந்தோம். நம் வெள்ளை அங்கியும் அன்று தராசில் ஏறப்போகிறது என்பதை அந்த அழைப்பிலேயே உணர்ந்திருக்க வேண்டும், உணரவில்லை.

விற்பனைக் கூடத்தில் நம்மை எதிர்கொண்டவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். விலைப்பட்டியலை விரித்தார். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, துணைப்பொருள்கள், இறுதியாகக் ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு தொகை. ஆசிரியர் கணக்கில் வல்லவர். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018ஆம் ஆண்டு முதல் கட்டாயம். ஆனால் காப்பீட்டை விற்பனைக் கூடத்திலேயே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே, வெளியே விசாரித்த தொகையைச் சொன்னார். காப்பீட்டுத் தொகை இறங்கிற்று. வேண்டாத துணைப்பொருள்களை நீக்கச் சொன்னார், நீக்கினர். கையாளும் கட்டணம் எதற்கென்று கேட்டார். தக்க விடை இல்லாமையால் அதுவும் பாதியாயிற்று. ஆண்டு முடிந்தால் அது ‘சென்ற ஆண்டு வண்டி’ ஆகிவிடும் என்பதையும் நினைவூட்டினார். இதுவரை எல்லாம் நேர்மையான பேரம். நாமும் உள்ளூர மெச்சினோம்.

அதன்பின் அவர் சொன்னார்: “அடுத்த ஊர்க் கூடத்தில் இதைவிட 25,000 ரூபாய் குறைவாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.”

அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஊருக்கு அவர் போகவே இல்லை என்பது நமக்குத் தெரியும். இளைஞர் அவரைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தார். “அப்படியா, ஃபாதர்?” என்றார்.

நாம் குனிந்து, கையிலிருந்த விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் இருந்துவிட்டோம். இளைஞர் உள்ளே சென்று மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். 18,000 ரூபாய் குறைந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னரே கார் வந்து சேர்ந்தது. கோவில் முற்றத்தில் அதை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தவரும் நாமே. தெளித்த கை அன்று சற்றுத் தயங்கிற்று.

அன்றிரவு நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம்: பேரம் பேசுவது பாவமா? பாவமில்லையெனில் நம் மனத்தை உறுத்துவது எது?

விவிலியத்தில் பேரத்துக்குப் பேர்போனவர் ஆபிரகாம். சோதோம் நகருக்காக இறைவனிடமே ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை இறங்கிப் பேசியவர் அவர். அதே ஆபிரகாம், தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை வாங்கியபோது, எப்ரோன் சொன்ன நானூறு செக்கேல் வெள்ளியை ஒரு சொல்லும் குறைத்துப் பேசாமல் நிறுத்துக் கொடுத்தார். பிறர் உயிருக்காகப் பேசியவர் தமக்காகப் பேசவில்லை. ஆயினும் பேரத்தையே திருநூல் பழிக்கவில்லை. வாங்கும்போது பொருளை மட்டம் என்று பழித்து, வீடு திரும்பியபின் தன் திறமையைத் தானே மெச்சிக்கொள்ளும் மனிதனைத்தான் நீதிமொழிகளின் 20ஆம் அதிகாரம் நகைக்கிறது.

நியாய விலையைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். நியாய விலை என்பது ஊசிமுனைபோல் ஒற்றைப் புள்ளி அன்று. அது ஒரு மதிப்பீடு. ஆகவே சிறிது ஏறுவதாலோ இறங்குவதாலோ நீதி கெட்டுவிடாது என்பது அவர் கருத்து. இந்த அளவுகோலால் அளந்தால், ஆசிரியர் கொடுத்த விலை நியாய விலையே. நிறுவனமும் மனமுவந்து விற்றது. ஆனால் அதே அக்குவினாஸ் வேறொன்றும் கூறுகிறார். விற்பவனை மட்டுமன்றி வாங்குபவனையும் நீதி கட்டுப்படுத்தும். பித்தளை என்றெண்ணி ஒருவன் விற்கும் தங்கத்தை அறிந்தே வாங்கியவன், ஈடு செய்யக் கடமைப்பட்டவன். மேலும், விலை எதுவாயினும், அதைப் பெறுவதற்கு வஞ்சகத்தைக் கையாள்வது பாவம்.

ஆக, சென்று சேர்ந்த இடம் சரி. சென்ற வழிதான் பிழை. விலைக்கு அகலம் உண்டு. வாய்மைக்கு அந்த அகலம் இல்லை.

“அவர்களும்தானே காரணமில்லாத கட்டணத்தைப் போட்டார்கள்?” என்று வாசகர் கேட்கலாம். ஆசிரியரும் அதையே கேட்டார். அந்தக் கட்டணத்தை எதிர்த்து எத்தனை உரக்கவும் வாதிடலாம். கடையை விட்டு எழுந்தும் போகலாம். ஆனால் அதைப் பட்டியலில் சேர்த்தவர் ஒருவர். நம் பொய்யைத் தாங்கியவர் வேறொருவர். ஒருகாலத்தில் அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அன்று வாங்குபவர் எளியவர். பேரத்துக்கு இடமே இல்லை. 1993ஆம் ஆண்டு கார் உற்பத்திக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் போட்டி வளர்ந்தது. வாங்குபவர் கை ஓங்கிற்று. இன்று அந்த மேசையருகே எளியவர் யார்? மாத இலக்கை எட்டினால்தான் ஊக்கத்தொகை என்ற நிலையில் நிற்கும் அந்த இளைஞரே. பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்பதாக எண்ணிக்கொண்டு, நாம் அவர் தோள்மீது ஏறி நிற்கிறோம்.

இனி நம் பங்குக்கு வருவோம். நாம் பொய் பேசவில்லை, பேசாமல் இருந்தோம். குருமடத்தில் ஈடு செய்யும் கடமையைப் பற்றிப் படித்தபோது, பிறர் தீங்குக்குத் துணைபோகும் வழிகளை வரிசையாக மனப்பாடம் செய்தோம். ஏவுதல், அறிவுரை தருதல், உடன்படுதல் என்று செல்லும் அந்த வரிசையில், வாய்மூடியிருத்தலும் ஒன்று. பேசக் கடமைப்பட்டவர் பேசாதபோதுதான் அது குற்றம். அன்று நமக்குக் கடமை இருந்ததா? இருந்தது. கேள்வி நம்மை நோக்கியே கேட்கப்பட்டது. கேட்டவர் நம் அங்கியை நம்பிக் கேட்டார்.

மௌனத்தில் இருவகை உண்டு. ‘எவ்வளவு வரை கொடுப்பீர்கள்?’ என்று கேட்கும்போது தம் எல்லையைச் சொல்லாதிருப்பது ஒருவகை. அது நம் உடைமையை நாம் காத்துக்கொள்வது; அதில் குறையில்லை. பிறர் சொன்ன பொய்க்கு நம் மௌனத்தையே முத்திரையாகக் குத்துவது மற்றொரு வகை. முதலாவது விவேகம், இரண்டாவது பொய்ச்சான்று.

புத்தாண்டு கழிந்ததும் ஆசிரியரிடம் மனம் விட்டுப் பேசினோம். அவர் முகம் வாடிற்று. “பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, சுவாமி?” என்றார். நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நம் தீர்ப்பு. ஆனால் அந்த இளைஞருக்கு ஏதேனும் இழப்பு நேர்ந்ததா என்று அறியவேண்டும் என்றோம். ஒரு மாலை, கூடம் மூடும் நேரத்தில் நாமே சென்று, நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்தார். “தெரியும், ஃபாதர். நீங்கள் குனிந்தபோதே தெரிந்துகொண்டேன்” என்றார்.

தலைகுனிந்தது நம் பொய்யை மறைக்கும் என்று எண்ணியிருந்தோம். அதுவே நம்மைக் காட்டிக்கொடுத்திருந்தது. இருந்தும் ஏன் விலையைக் குறைத்தார்? மாதம் முடிய இன்னும் இரண்டு வண்டிகள் விற்கவேண்டியிருந்ததாம். குறைத்த தொகையில் 2,000 ரூபாய் தம் ஊக்கத்தொகையிலிருந்து போனதென்று, நாம் வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார். மறுவாரம் ஆசிரியர் அத்தொகையோடு தாமே சென்றார். இளைஞர் முதலில் மறுத்து, பின் வாங்கி எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டாராம். எண்ணிப் பார்த்தது நமக்கு நிறைவளித்தது. பிச்சையை யாரும் எண்ணி வாங்குவதில்லை; தமக்கு உரியதைத்தான் எண்ணி வாங்குகிறோம்.

கார் வாங்கவிருக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுவே. இரண்டு மூன்று கூடங்களில் உண்மையாகவே விலைப்பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தொகைக்கும் காரணம் கேளுங்கள். வண்டி எந்த மாதம் செய்யப்பட்டது என்று விசாரியுங்கள். காப்பீட்டை வெளியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் எழுந்து வாருங்கள். குடும்பத்தின் உழைப்பில் சேர்ந்த பணத்தைக் காப்பது உங்கள் கடமை. இவ்வளவும் செய்வதற்கு ஒரு பொய்யும் தேவையில்லை.

பங்குத்தந்தையை உடன் அழைத்துச் செல்ல விரும்பினால், அழையுங்கள்; வருகிறோம். ஆனால் யாரேனும் நம்மைப் பார்த்து ‘அப்படியா, ஃபாதர்?’ என்று கேட்டால், இனி நாம் குனிய மாட்டோம்.