வினை யாரைச் சேரும்?

வினை செய்தவனும் அதன் பயனை நுகர்பவனும் ஒருவன்தானா என்னும் கேள்வி பாரத தேசத்துத் தத்துவ சாஸ்திரிகளைப் பல நூற்றாண்டுகள் உறங்கவொட்டாமல் செய்தது. அது கம்ப்யூட்டர் திரையில் ஆர்டர் பட்டியல் ஒன்றை அமைக்க உட்காரும் புரோகிராமரின் மேஜைக்கும் வந்து சேரும் என்று அவர்களில் ஒருவரும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

வியாபார ஸ்தலம் ஒன்றின் ஆர்டர்கள் வரிசையாகத் திரையில் நிற்கின்றன. ஒரு வரியின்மேல் ரைட் கிளிக் செய்தவுடன் 'காண்டெக்ஸ்ட்மெனு' என்னும் ஈவென்ட் பிறக்கிறது. பிரவுசர் தன் வழக்கமான மெனுவைக் காட்டாதபடி அதைத் தடுத்து, 'திருத்து', 'நகலெடு', 'ரத்து செய்' என்று நம்முடைய மெனுவை அவ்விடத்திலேயே விரிக்கிறோம். பட்டியல் அசையாததாயின் வேலை இத்துடன் முடிந்தது. அதுவோ ஓயாமல் புதுப்பிக்கப்படுவது. குமாஸ்தா மூன்றாம் வரியில் மெனுவைத் திறந்து, 'ரத்து செய்' என்பதை நோக்கி மௌஸை நகர்த்துவதற்குள் புதிய ஆர்டர் ஒன்று உச்சியில் வந்து அமர, எல்லா வரிகளும் ஒருபடி கீழே இறங்கிவிடுகின்றன; மெனு 'மூன்றாவது வரி' என்பதை மட்டுமே நினைவில் வைத்திருக்குமானால், ரத்தாக வேண்டியது தப்பிவிட, ஒரு பாவமும் அறியாத வேறொருவரின் ஆர்டர் ரத்தாகிறது.

எல்லாம் கணந்தோறும் அழிவது என்னும் க்ஷணிகவாதம் பேசிய பௌத்தர்மீது பிற மதத்தினர் சாட்டிய குற்றங்களும் இவையே: செய்தது பயனின்றி அழியும் கிருதநாசம் ஒன்று, செய்யாதது வந்து சூழும் அகிருதாப்யாகமம் மற்றொன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஜைன ஆசாரியர் ஹேமசந்திரரும் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டிக் கண்டித்தார்.

புரோகிராமர் காணும் பரிகாரம், டேட்டாபேஸ் ஒவ்வொரு ஆர்டருக்கும் அளித்த மாறாத எண்ணை அதன் வரியிலேயே பொறித்துவைத்து, மெனு திறக்கும் கணத்தில் இடத்தை விட்டு அந்த எண்ணைப் பற்றிக்கொள்வது. அந்த எண்ணே ஆன்மா என்று ஆத்மவாதி மகிழக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியல்களில், கண்ணுக்குத் தெரியும் சில வரிகளை மாத்திரமே படைத்து, ஸ்க்ரோல் செய்யச் செய்ய அவற்றிலேயே வேறு வேறு ஆர்டர்களை நிரப்புவதுண்டு. ஆகவே வரி நிலையானதன்று. ஆர்டரிலோ சரக்கும் அளவும் விலையும் முகவரியும் திருத்தத்தக்கவை. எஞ்சுவது எண் ஒன்றே, அதுவும் வியவகாரத்துக்காக நாம் இட்ட பெயர். நட்ட மாங்கனி வேறு, நான் பறித்த மாங்கனி வேறு என்று திருடன் வாதாடினாலும் அவன் தண்டனைக்குரியவனே என்று மிலிந்த மன்னனுக்குப் பௌத்த பிக்ஷு நாகசேனர் விளக்கினாரே, அந்தத் தொடர்ச்சிக்குமேல் இந்த எண் எதையும் நிரூபிக்கவில்லை.

சிவஞான சித்தியாரின் பரபக்கப் பகுதியில் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் மறுத்த அருணந்தி சிவாசாரியரின் சைவ சித்தாந்த மரபோ வேறொன்றைச் சொல்லும்: வினை ஜடமாதலால் தானே சென்று கர்த்தாவைச் சேராது, சேர்ப்பிப்பவன் ஈசுவரன். மெனுவும் தானாக எதையும் ரத்து செய்வதில்லை. எண்ணைச் சர்வருக்கு அனுப்புகிறது, அவ்வளவே. அந்த ஆர்டர் இன்னும் இருக்கிறதா, குமாஸ்தாவுக்கு அதிகாரம் உண்டா என்று பார்த்த பின்னரே சர்வர் காரியத்தை நிறைவேற்றும். அதற்குள் வேறொருவர் அந்த ஆர்டரை நீக்கியிருந்தால், 'அப்படி ஓர் ஆர்டர் இல்லை' என்ற பதிலைப் படித்துவிட்டுக் குமாஸ்தா அடுத்த வரிக்குப் போய்விடுவார்; நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர் மட்டும் அங்கேயே நின்று, செய்த வினை எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டிருப்பார்.