கட்டுதலும் காத்தலும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அஹிம்சை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கட்டுதலே அவற்றுள் முதலாவது. அவ்வாறாயின், வளர்க்கும் நாயைக் கயிற்றில் பிணித்து நடத்திச் செல்வதும் குற்றமாகுமா?

இராசபாளையத்தில் இவ்வினாவை எளிதில் தள்ள இயலாது. அவ்வூரின் பெயர் தாங்கிய நாயினத்தை நாடே அறியும். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதுவும் இடம்பெற்றது. பால்வெண்மை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்நாய் காண்பதற்குச் சாந்தமானது. ஆயினும் காட்டுப்பன்றி வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பெற்ற இனம் அது. ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் இயல்பு. அவ்வினத்திற் சில பிறவியிலேயே செவிப்புலன் அற்றவை. அவற்றை நாம் கூவி அழைத்தும் பயனில்லை.

மேற்கே நிற்கும் பெருமலையில் 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அக்காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. நாயோடு உலவுதற்குரிய இடம் அதுவன்று. ஆனால் அம்மலைக்கு இப்பால் உள்ள சிறு குன்றுகளிலும் கரடுகளிலும் முயலும் மயிலும் கவுதாரியும் வாழ்கின்றன. மார்கழிக் காலையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் புதர் எது, உயிர் எது என்று தெரிவதில்லை. அவ்வேளையில் நாயை அவிழ்த்துவிடலாமா?

“நாய் முயலைக் கொன்றால் பாவம் நாய்க்கா, நமக்கா?” என்று நம் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டதுண்டு. நாய் விரதம் ஏற்றதன்று. அதனைப் பழிப்பதிற் பொருளில்லை. அதுவும் உயர்கதிக்கு உரிய உயிரே. சீவகன் ஓதிய பஞ்ச நமஸ்காரத்தைக் கேட்டு உயிர்நீத்த நாய், சுதஞ்சணன் என்னும் தேவனானதைச் சிந்தாமணி கற்றோர் அறிவர். பொறுப்பு அவிழ்த்துவிட்ட கைக்கே உரியது. செய்தலோடு செய்வித்தலையும் உடன்படுதலையும் வினையாகக் கொள்வது நம் அறம். “நாம் கொல்லச் சொல்லவில்லையே” என்பது விடையாகாது. சோர்வினால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சையென ஆசாரியர்கள் வகுத்தனர்.

முனிவர்கள் நுகத்தளவு நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைப்பர். பனியில் நம் கண்ணுக்கு எட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே. மெல்ல நடக்கும் நமக்கு அது போதும். நாயோ அவ்வளவையும் ஒரே தாவலிற் கடந்துவிடும். நம் கண் செல்லாத இடத்திற்கு, நம் பொறுப்பிலுள்ள கால்களை விடுதல் தகாது.

ஆயினும் இதனையே சாக்காகக் கொண்டு, நாயைப் பகலெல்லாம் கொல்லைப்புறத்துச் சங்கிலியில் வாட விடுவோரும் உண்டு. அதிசாரம் என்பது அதுவே. அங்கே கட்டியவர் தம் வேலையைப் பார்க்கச் செல்கிறார். கட்டுண்டது தனித்துக் கிடக்கிறது. நடையிலோ கயிற்றின் மறுமுனை நம் கையில் இருக்கிறது. அது நின்றால் நாமும் நிற்கிறோம். நாம் நின்றால் அதுவும் நிற்கிறது. முன்னது நம் வசதிக்கானது. பின்னது முயலையும் காக்கிறது, நாயையும் காக்கிறது.

ஓடுதற்கென்றே மனிதர் உருவாக்கிய உயிருக்கு ஓட்டத்தை மறுப்பதில் வருத்தம் இல்லாமலில்லை. அவ்வருத்தத்தை மறைத்தலும் வேண்டா. மதில் சூழ்ந்த வெளி கிடைக்குமாயின் அங்கே அது மனம்போல் ஓடட்டும். கிடைக்காத இல்லத்தார், அழகுக்காக இவ்வினத்தை வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். கயிற்றைக் கையில் எடுத்தபின் வரும் விரதத்தைவிட, நாயை இல்லத்திற்கு அழைக்குமுன் வரும் விரதமே அரியது.