கேட்ட கேள்வி சாகவில்லை

உக்ரைனின் தெற்குப் பகுதியில், கெர்சோன் நகராட்சியில் பணியாற்றியவர் கத்தெரினா ஹண்ட்ஸியுக். காவல்துறையினரின் லஞ்சத்தையும் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் முறைகேடுகளையும் பெயர் சொல்லித் தட்டிக் கேட்டவர். 2018 ஜூலை 31 அன்று, வீட்டருகே அவர்மீது கந்தக அமிலத்தை ஊற்றினார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மேல் அறுவைச் சிகிச்சை. அந்த நிலையிலும் மருத்துவமனையிலிருந்து காணொளியில் பேசினார். தன்னைப்போல் தாக்கப்பட்ட மற்ற செயற்பாட்டாளர்களுக்காகவும் நியாயம் கேட்டார். ஏவியவர்களைக் காப்பாற்றுவது யார் என்றார். நவம்பர் 4 அன்று, 33 வயதில் உயிர் பிரிந்தது.

அமிலம் ஊற்றியவர்களுக்கு அடுத்த ஆண்டே தண்டனை கிடைத்தது. ஏவியவர் யார் என்று ஹண்ட்ஸியுக்கின் தந்தையும் தோழர்களும் விடாமல் கேட்டார்கள். 2023இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தாக்குதலை ஏவிய குற்றத்திற்காக, கெர்சோன் மாகாண மன்றத்தின் முன்னாள் தலைவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது நீதிமன்றம்.

ஒருவரின் துணிச்சல் ஊழலை அம்பலமாக்கும். பலரின் விடாப்பிடிதான் அதைத் தண்டனைவரை கொண்டுசேர்க்கும். தட்டிக் கேட்பவர் மறைந்தபின் மாலை போடுவதைவிட, அவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் போய் நிற்போம். தனியாக நிற்பவரைத்தான் ஊழல்வாதிகள் குறிவைக்கிறார்கள்.